பிடுங்குற கைக்குப் பேர் வச்ச கதை

நம்ம ஐடி மக்கள் ஆபீஸ் வேலையை 'ஆணி பிடுங்குறது'ன்னு சொல்றது ஊரறிஞ்ச விஷயம். நான் அதோட சேர்த்து இன்னொண்ணும் பிடுங்கிட்டு இருந்தேன். முடி. வேற யாரோடதும் இல்லீங்க, என் சொந்த முடி.

கொசுவத்தி சுத்திக்கோங்க. 2021. ஊர்ல, அம்மா சமையல் சாப்பிட்டுக்கிட்டு, மாடி ரூம்ல இருந்து வேலை பார்த்துட்டு இருந்த காலம். தலையில இடது பக்கம், காதுக்கு மேல நாலு விரல் தள்ளி, ஒரு வட்டம் விழுந்துருச்சு. முதல்ல அஞ்சு ரூபாய் நாணயம் சைஸ். அப்புறம் உள்ளங்கை சைஸ். அம்மா பார்த்த உடனே சொன்ன டயக்னோசிஸ்: "புழுவெட்டுடா." சின்ன வெங்காயம் தட்டி தேய்ச்சாங்க. ஒரு மாசம் வீடியோ கால்ல கேமரா ஆஃப். மூஞ்சி தெரியக் கூடாதுன்னு இல்ல, வெங்காய வாசனைக்கு நானே கண்ணு கலங்கி உட்கார்ந்திருந்தேன் :-)

அப்புறம் ஒரு தோல் டாக்டர். அவரும் ரெண்டு நிமிஷம் பார்த்துட்டு புழுவெட்டுதான்னு முடிவு பண்ணி, வட்டத்துக்குள்ள குட்டிக் குட்டியா ஸ்டீராய்டு ஊசி போட்டார். மாசம் ஒரு தடவை, அஞ்சு மாசம். வலி உயிர் போகும். வட்டம் மட்டும் அப்படியே இருந்துச்சு. "ஸ்ட்ரெஸ்ஸைக் குறைங்க தம்பி"ன்னார். நான் என்ன, இருக்கட்டும்னு ஆர்டர் போட்டா வாங்கினேன்?

உண்மையைக் கண்டுபிடிச்சது எங்க தெரு சலூன் அண்ணன். நான் பலகை மேல உட்கார்ந்து முடிவெட்டின காலத்துல இருந்து என் தலையைப் பார்க்கிறவர். சீப்பை வச்சு நாலு தடவை இப்படியும் அப்படியும் சீவிட்டு, கண்ணாடியில என் கண்ணைப் பார்த்துக் கேட்டார்: "தம்பி, மவுசு வலது கையிலயா பிடிப்பீங்க?"

"ஆமாண்ணே."

"அப்ப இடது கை சும்மா தான இருக்கும்?"

அவ்ளோதான் கேட்டார். எனக்குக் காது ரெண்டும் சூடாயிருச்சு. ஏன்னா எனக்குத் தெரியும். பாதி தெரியும்னு சொல்லணும். கோடு ஓடாம மாட்டிக்கிட்டு நிக்கிறப்ப இடது கை தானா மேல போகும், ஒரு முடியைத் தேடும், கொஞ்சம் தடிப்பா, சொரசொரப்பா இருக்கிற முடியா பார்த்துப் பிடிக்கும், சட்டுனு ஒரு இழு. சாயங்காலம் கீபோர்டு மேல இருக்கிற முடியை ஊதி விடுறப்ப தான் இத்தனையான்னு தோணும். அஞ்சு மாசம் ஊசி குத்துறப்பக் கூட அந்த டாக்டர்கிட்ட நான் இதைச் சொல்லல. அவரும் கேட்கல. தமிழ்ல 'மண்டையைப் பிச்சுக்கிறது'ன்னு பேச்சுக்குச் சொல்றதை ஒருத்தன் நிஜமாவே செஞ்சா, அதைப் போய் எந்த வாயால சொல்றது?

நிற்க. இது என் சோகக்கதை இல்ல. அந்த சலூன் அண்ணன் கேட்ட கேள்வியை மருத்துவ உலகம் எப்போ கேட்க ஆரம்பிச்சுதுன்னு தேடப் போய், ஒரு பெரிய கதையில மாட்டிக்கிட்டேன். தோல் டாக்டருங்களும் மனநல டாக்டருங்களும் நூறு வருஷத்துக்கு மேல பந்து மாதிரி தூக்கிப் போட்டு விளையாடின கதை. அதைத்தான் சொல்லப் போறேன்.

பாரிஸ், 1889. ஈஃபில் கோபுரம் திறந்த வருஷம். ஊரே பொருட்காட்சி பார்க்கப் போயிட்டு இருக்க, ஊரோட இன்னொரு மூலையில சேன் லூயி ஆஸ்பத்திரியில வேற ஒரு கண்காட்சி திறந்தாங்க. பிளேக் நோயாளிகளை ஒதுக்கி வைக்கிறதுக்காக 1607-ல் நான்காம் ஹென்றி ராஜா ஆரம்பிச்ச ஆஸ்பத்திரி அது. 1801-ல் இருந்து தோல் நோய்க்குன்னே ஒதுக்கிட்டாங்க. 1889 ஆகஸ்ட்ல தோல் மருத்துவர்களோட முதல் சர்வதேச மாநாடு அங்கதான் நடந்துச்சு. வந்தவங்க வாயைப் பிளந்து பார்த்தது அங்க இருந்த மெழுகு மியூசியத்தை.

இந்த மியூசியத்துக்குப் பின்னால ஒரு சுவாரசியமான மனுஷர் இருக்கார். ஜூல் பாரெட்டா. டாக்டர் இல்ல. காகிதக் கூழ்ல பழம் செஞ்சு வித்துட்டு இருந்தவர். நம்ம ஊர் கொலு பொம்மைக் கடையில தட்டு நிறைய வாழைப்பழம், ஆப்பிள்னு வச்சிருப்பாங்களே, அந்த மாதிரி வேலை. அந்த ஆஸ்பத்திரி டாக்டர் லாயே அவர் கடையைப் பார்த்துட்டு, இவ்ளோ தத்ரூபமா பழம் செய்றவர் ஏன் புண்ணு செய்யக் கூடாதுன்னு யோசிச்சார். கூட்டிட்டு வந்தார். நோயாளியோட தோல் மேல பிளாஸ்டர் வச்சு அச்சு எடுக்கணும், அதுல மெழுகை ஊத்தணும், நிறம் தீட்டணும், தேவைப்பட்ட இடத்துல நிஜ முடியை நட்டு வைக்கணும். பாரெட்டா பழத்துல காட்டின அதே கைவண்ணத்தைச் சொறியிலயும் சிரங்குலயும் காட்டினார். இன்னைக்கும் அந்த மியூசியத்துல 4,800-க்கு மேல மெழுகு உருவங்கள் இருக்கு. படத்தைப் பார்த்தாலே நமக்கு அரிக்க ஆரம்பிச்சுரும்.

அந்தக் காலத்துத் தோல் மருத்துவமே இப்படித்தான். பார்க்கிறது, வரையிறது, அச்சு எடுக்கிறது, பேர் வைக்கிறது. தப்பு சொல்லல. பார்த்துப் பார்த்தே ஆயிரக்கணக்கான நோயைப் பிரிச்சு அடுக்கினவங்க அவங்க. ஆனா மெழுகுல வழுக்கை பதியும், சிரங்கு பதியும். அதை உண்டாக்கின கை எங்க போச்சு, எப்போ மேல வந்துச்சுங்கிறது எந்த அச்சுலயும் விழாது.

அதே ஆஸ்பத்திரி, அதே 1889. ஃபிரான்சுவா ஆன்ரி ஹாலப்போன்னு ஒரு டாக்டர் ஒரு இளைஞனைப் பத்தி எழுதினார். அந்தப் பையன் உடம்புல முடி இருக்கிற இடத்துல எல்லாம் தாங்க முடியாத அரிப்புன்னு சொல்லிக் கொத்துக் கொத்தா முடியைப் பிடுங்கிட்டு இருந்தான். பிடுங்கினா கொஞ்சம் அடங்குது, அதனால பிடுங்குறான். ஹாலப்போ அவன் தோலைப் பார்த்தார், சுத்தமா இருக்கு. முடியைப் பார்த்தார், ஆரோக்கியமா இருக்கு. தோல்லயும் கோளாறு இல்ல, முடியிலயும் கோளாறு இல்ல, ஆனா வழுக்கை இருக்கு. பக் எங்கன்னே தெரியாம புரோகிராம் கிராஷ் ஆகிற கேஸ்!

அவர் கிரேக்க மொழியில இருந்து மூணு சொல்லை எடுத்துக் கோத்தார். த்ரிக்ஸ்னா முடி, டில்லெய்ன்னா பிடுங்குறது, மேனியான்னா பைத்தியம். டிரைக்கோடிலோமேனியா. பேர் வச்சதுல ஒரு நல்லதும் ஒரு கெட்டதும் நடந்துச்சு. நல்லது என்னன்னா, ஒரு தோல் டாக்டர் முதல் தடவையா கையைப் பார்த்தார். முடி 'கொட்டல', 'பிடுங்கப்படுது'ன்னு எழுத்துல வந்துருச்சு. கெட்டது, காரணத்தை மட்டும் அவர் தோல்லயே விட்டுட்டார். கட்டுரைத் தலைப்பே 'சொறிவதால் வரும் வழுக்கை'ங்கிற அர்த்தத்துல தான் ஆரம்பிக்கும். அரிப்புதான் மூலம், பிடுங்குறது அதுக்கு நிவாரணம்னு நம்பினார். இது குணமாகிற மாதிரி தெரியலன்னும் சேர்த்தே எழுதி வச்சுட்டார். கடைசியில இருக்கிற அந்த 'பைத்தியம்'ங்கிற ஒட்டு, நூத்தி முப்பது வருஷம் தாண்டியும் போகல. இந்த நோயைப் பத்தி முதல் தடவை படிக்கிறப்ப அந்த 'மேனியா'வைப் பார்த்து மூடி வச்சுட்டுப் போனவன்ல நானும் ஒருத்தன்.

ஹாலப்போ தான் முதல் ஆளான்னு கேட்டா, பேர் வச்சதுல முதல். பழக்கம் ரொம்பப் பழசு. அரிஸ்டாட்டில் ஒழுக்கத்தைப் பத்தி எழுதின நூல்லயே முடி பிடுங்குறது, நகம் கடிக்கிறது, கரியும் மண்ணும் தின்கிறதுன்னு ஒரு லிஸ்ட் வருது. இதெல்லாம் சிலருக்கு இயல்பால வருது, சிலருக்குப் பழக்கத்தால வருதுங்கிறார். ரெண்டாயிரத்து முந்நூறு வருஷத்துக்கு முன்னாடி! அதைக் கெட்ட குணத்தோட சேர்க்காம தனியா வச்சார் பாருங்க, அதுக்காகவே மனுஷனுக்கு ஒரு கும்பிடு.

தோலைக் கிள்ளுறவங்க கதை கொஞ்சம் வேற. லண்டன்ல எராஸ்மஸ் வில்சன்னு பெரிய தோல் டாக்டர். 1875-ல் அவர் 'நரம்புத் தளர்ச்சியால வர்ற கீறல்கள்'ங்கிற மாதிரி ஒரு பேர் வச்சு, நோயாளிங்க தாங்களே நகத்தால உண்டாக்கிக்கிற புண்ணைப் பத்தி எழுதினார். (சைடு டிராக்: எகிப்துல கிடந்த 'கிளியோபாட்ரா ஊசி'ங்கிற பெரிய கல்தூணை லண்டனுக்குக் கொண்டுவரக் கைக்காசு பத்தாயிரம் பவுண்டு கொடுத்தவர் இவர்தான். 1878-ல் தேம்ஸ் கரையில நட்டாங்க. இன்னும் அங்கதான் நிக்குது. தோல் டாக்டர் வருமானம் அப்பவே அப்படி!)

1898-ல் பிரான்ஸ்ல லூயி ப்ராக்னு இன்னொரு டாக்டர். முகப்பருவைக் கிள்ளிக் கிள்ளியே முகத்தைப் புண்ணாக்கிக்கிற பொண்ணுங்களைப் பார்த்துட்டு ஒரு பேர் வச்சார். தமிழ்ல சொன்னா 'இளம்பெண்களின் கிள்ளிய பரு'. கவனிச்சாரு, எழுதினாரு, சரி. ஆனா பேர்லயே பொண்ணுங்களைக் கோத்துட்டார். அவ்ளோதான், அது பொம்பளைங்க சமாச்சாரம்னு முத்திரை விழுந்துருச்சு. முடி பிடுங்குறதும் அதே கதை. ரொம்ப நாளா பாடப்புத்தகத்துல பத்துப் பொண்ணுக்கு ஒரு பையன்ங்கிற கணக்குல தான் எழுதியிருந்தாங்க. அது டாக்டர்கிட்ட வந்தவங்க கணக்கு. 2020-ல் அமெரிக்காவுல பத்தாயிரத்துச் சொச்சம் பேர்கிட்ட நேரடியா கேட்டுப் பார்த்தாங்க. 1.7 சதவீதம் பேருக்கு இருந்துச்சு, ஆண் பெண் கிட்டத்தட்ட சரிசமம். ஆம்பளைங்க எங்க போனாங்கன்னு கேட்குறீங்களா? மொட்டை போட்டுக்கிட்டாங்க, தொப்பி வச்சுக்கிட்டாங்க, 'எங்க பரம்பரையே வழுக்கைதான்'னு சொல்லிக்கிட்டாங்க. நான் கேமராவை ஆஃப் பண்ணிக்கிட்டேன்.

நூறுல ஒண்ணோ ரெண்டோ பேர். உங்க ஆபீஸ்ல ஒரு மாடியில இருநூறு பேர் உட்கார்ந்தா அதுல ரெண்டு மூணு பேர். யாருன்னு உங்களுக்குத் தெரியாது. அவங்களுக்கே ஒருத்தரை ஒருத்தர் தெரியாது.

இருபதாம் நூற்றாண்டோட நடுப்பகுதியை நான் வேகமா தாண்டப் போறேன். மனப்பகுப்பாய்வுக்காரங்க கையில சிக்கின காலம் அது. முடி ஒரு குறியீடு, பிடுங்குறது அடக்கி வச்ச ஆசையோட வெளிப்பாடு, அம்மாவோட இருந்த உறவுல சிக்கல்னு பக்கம் பக்கமா எழுதினாங்க. எல்லாத்துக்கும் அம்மா தான் காரணம்! எங்கம்மா வெங்காயம் தட்டினதைத் தவிர வேற ஒரு பாவமும் அறியாதவங்க. போகட்டும்.

இந்தக் கதையில எனக்கு ரொம்பப் பிடிச்ச திருப்பம் 1973. நேதன் அஸ்ரின், நன்னுன்னு ரெண்டு அமெரிக்க உளவியலாளர்கள். இந்த அஸ்ரின் கொஞ்சம் நம்மாளு மாதிரி, 'ஏன்'னு கேட்கிறதை விட 'எப்படி நிறுத்துறது'ன்னு கேட்கிறவர். (அடுத்த வருஷமே குழந்தைக்கு ஒரே நாள்ல கக்கூஸ் பழக்குறது எப்படின்னு புத்தகம் போட்டவர், பார்த்துக்கோங்க.) நகம் கடிக்கிறவங்க, இமை முடி பிடுங்குறவங்க, விரல் சூப்புறவங்க, தலையை வெட்டி இழுக்கிறவங்கன்னு 12 பேர். அவங்க அடிமனசைத் தோண்டல. பழக்கத்தைத் தலைகீழா திருப்புறதுன்னு ஒரு முறையை வச்சாங்க.

முதல்ல, கை போறதைக் கவனிக்கிறது. கண்ணாடி முன்னாடி உட்கார்ந்து, கை எப்படிக் கிளம்புது, எந்த விரல் முதல்ல முடியைத் தொடுதுன்னு ஒவ்வொரு ஃபிரேமா சொல்லணும். அது எந்த நேரத்துல, எந்த இடத்துல, என்ன பண்ணிட்டு இருக்கிறப்ப வருதுன்னு குறிச்சு வைக்கணும். அப்புறம், கை கிளம்பின உடனே அதுக்கு எதிரா ஒரு வேலை. முஷ்டியை இறுக்கி மூடிப் பக்கவாட்டுல வச்சு, சில நிமிஷம் அப்படியே பிடிச்சிருக்கணும். பக்கத்துல இருக்கிறவங்களுக்கு வித்தியாசமா தெரியக் கூடாது, அதே நேரம் ரெண்டு வேலையும் ஒண்ணா செய்ய முடியாததா இருக்கணும். ஒரே லாக்கை ரெண்டு த்ரெட் பிடிக்க முடியாதுன்னு காலேஜ்ல படிச்சோம்ல, அதே சமாச்சாரம்.

12 பேருக்கும் முதல் நாள்லயே பழக்கம் கிட்டத்தட்ட மறைஞ்சுருச்சுன்னு எழுதினாங்க. அவ்ளோ சுலபமான்னு கேட்டா, இல்ல. பின்னால செஞ்ச ஆய்வுகள்ல அந்த மாதிரி அதிசயம் எல்லாருக்கும் நடக்கல, விட்டுப் போன பழக்கம் திரும்பி வர்றதும் உண்டு. ஆனா அம்பது வருஷம் கழிச்சு இன்னைக்கும் இதுக்கு முதல்ல கை வைக்கிற சிகிச்சை இதோட வாரிசுகள் தான். ஹாலப்போ குணமாகாதுன்னு எழுதினதுக்கு முதல் பதில், மாத்திரையில இருந்து வரல. கையை உத்துப் பார்த்ததுல இருந்து வந்துச்சு.

பதில் கிடைச்சாச்சு, ஆனா வீடு கிடைக்கல. மனநல நோய்களுக்கு அமெரிக்காவுல டிஎஸ்எம்னு ஒரு கையேடு இருக்கு. அதுல பேர் இருந்தாதான் நோய்க்கு மரியாதை. ரேஷன் கார்டு மாதிரி. 1987-ல் தான் டிரைக்கோடிலோமேனியாவுக்கு அந்தக் கார்டு கிடைச்சுது. எந்தக் குடும்பத்துல சேர்த்தாங்கன்னு பாருங்க: அடக்க முடியாத உந்துதல் கோளாறுகள். அக்கம்பக்கத்து வீட்டுக்காரங்க யாருன்னா, திருடாம இருக்க முடியாதவங்க, தீ வைக்காம இருக்க முடியாதவங்க, சூதாடாம இருக்க முடியாதவங்க, திடீர்னு வெறி வந்து அடிக்கிறவங்க. நடுவுல பாவம், தலையைத் தடவிக்கிட்டு ஒருத்தன்!

அதுலயும் ஒரு கண்டிஷன். பிடுங்குறதுக்கு முன்னாடி ஒரு இறுக்கம் ஏறணும், பிடுங்கின அப்புறம் ஒரு நிம்மதி வரணும். அப்பத்தான் கணக்கு. ஆனா நிறைய பேருக்கு அப்படி இல்ல. சிலர் தெரிஞ்சே, கண்ணாடி முன்னாடி நின்னு, தேடித் தேடிப் பிடுங்குவாங்க. சிலருக்குக் கை தானா போகும், மனசு எங்கயோ இருக்கும், முடி கீழ விழுந்த அப்புறம் தான் தெரியும். நான் பெரும்பாலும் ரெண்டாவது கட்சி. எனக்கு இறுக்கமும் கிடையாது, நிம்மதியும் கிடையாது. அந்த ரூல்படி பார்த்தா எனக்கு நோயே கிடையாது, வழுக்கை மட்டும் உண்டு.

இங்கதான் ஓசிடி உள்ள வருது. ('ஓசி டீயா'ன்னு கேட்கிற நண்பர்கள் தயவுசெய்து பெஞ்சு மேல ஏறவும்.) வேண்டாத ஒரு எண்ணம் திரும்பத் திரும்ப வரும், அந்தப் பதட்டத்தை அடக்க ஒரு செயலைத் திரும்பத் திரும்பச் செய்யணும், அதுதான் ஓசிடி. கை கழுவிக் கழுவியே தோல் வெடிச்சு, 'எக்ஸிமா'ன்னு தோல் டாக்டர்கிட்ட வந்து நிக்கிறவங்க உண்டு. களிம்பு வாங்கிட்டுப் போவாங்க. எத்தனை தடவை கழுவுறீங்கன்னு கேட்டா தானே தெரியும்.

1989-ல், ஹாலப்போ பேர் வச்சுச் சரியா நூறு வருஷம் கழிச்சு, அமெரிக்க தேசிய மனநல ஆய்வு நிறுவனத்துல சூசன் ஸ்வீடோ, ஜூடித் ராப்போபோர்ட் குழு ஒரு அருமையான ஏ-பி டெஸ்ட் பண்ணினாங்க. தீவிரமா முடி பிடுங்குற 13 பெண்கள். ரெண்டு மாத்திரை, ரெண்டுமே ஒரே குடும்பத்து மனச்சோர்வு மருந்து. க்ளோமிப்ரமின் ஓசிடிக்கு வேலை செய்யும், டெசிப்ரமின் செய்யாது. எது எதுன்னு கொடுக்கிறவங்களுக்கும் தெரியாது, சாப்பிடுறவங்களுக்கும் தெரியாது. மாத்தி மாத்திக் கொடுத்துப் பார்த்ததுல ஓசிடி மருந்து தான் ஜெயிச்சுது. அப்போ முடி பிடுங்குறது ஓசிடிக்குச் சொந்தக்காரன்!

அந்த உற்சாகத்துல ராப்போபோர்ட் நாய்கள் பக்கம் போனாங்க. லாப்ரடார் மாதிரி பெரிய நாய்ங்க சிலது முன்னங்காலை நக்கி நக்கியே முடி போய்ப் புண்ணாக்கிக்கும். 1992-ல் அதுங்களுக்கும் இதே மருந்து, அதுங்களுக்கும் குறைஞ்சுது. நாய்க்கு என்ன அடிமனசுப் போராட்டம், அம்மாவோட என்ன சிக்கல்? மனப்பகுப்பாய்வுக் கோட்டைக்கு ஒரு லாப்ரடார் கடைசிச் செங்கல்லை உருவிருச்சுன்னு தான் எனக்குத் தோணுச்சு.

ஆனா கதை அவ்ளோ சுத்தமா முடியல. ஓசிடிக்கு இன்னைக்கு முதல்ல கொடுக்கிற ஃப்ளூவாக்ஸடின் மாதிரி மருந்துகளை முடி பிடுங்குறவங்களுக்குக் கொடுத்துப் பார்த்தா, வெறும் மாவு மாத்திரையைவிட ஒண்ணும் பெருசா கிழிக்கல. ஓசிடிக்காரருக்கு ஒரு பயம் இருக்கும், கழுவலேன்னா ஏதோ ஆயிடும்னு. முடி பிடுங்குறவனுக்குப் பெரும்பாலும் எந்தப் பயமும் இல்ல. விரல் நுனிக்கு அது ஒரு விதத்துல பிடிச்சிருக்கு, அதான் அசிங்கம். அதனால அண்ணன் தம்பி இல்ல, பங்காளின்னு வேணா சொல்லலாம்.

2013 மே மாசம் டிஎஸ்எம் ஐந்தாம் பதிப்பு வந்துச்சு. ஓசிடியும் அதன் சொந்தங்களும்னு தனி அத்தியாயம். திருட்டு, தீவைப்புத் தெருவுல இருந்து முடி பிடுங்குறவனைக் காலி பண்ணிக் கொண்டுவந்து இங்க குடி வச்சாங்க. முன்னாடி இறுக்கம், பின்னாடி நிம்மதிங்கிற கண்டிஷனையும் தூக்கிட்டாங்க. வில்சன் 1875-ல் எழுதின தோல் கிள்ளுறதுக்கு அப்பத்தான் முதல் தடவையா சொந்தப் பேர்ல கார்டு கிடைச்சுது. 138 வருஷம் கியூவுல நின்னிருக்கு!

அதே அத்தியாயத்துல இன்னொருத்தரும் இருக்கார். இத்தாலியில மோர்செல்லிங்கிற மனநல மருத்துவர் 1891-ல் எழுதினது: ஒண்ணுமில்லாத குறையை, மூக்கு கோணல், முகத்துல குழி, முடி கம்மின்னு பெருசா நினைச்சு நாள் முழுக்கக் கண்ணாடி முன்னாடி நின்னு மருகுறவங்க. இவங்க மனநல டாக்டர்கிட்ட போகவே மாட்டாங்க. தோல் டாக்டர்கிட்ட தான் போவாங்க, ஏன்னா அவங்களைப் பொறுத்தவரை கோளாறு தோல்ல இருக்கு. 2000-ல் அமெரிக்காவுல வந்த ஒரு ஆய்வுல தோல் மருத்துவர்கிட்ட வந்த 268 பேர்ல கிட்டத்தட்ட 12 சதவீதம் பேருக்கு இது இருந்துச்சு. இவங்களுக்கு லேசர் அடிச்சாலும், கிரீம் கொடுத்தாலும், சர்ஜரியே பண்ணினாலும் திருப்தி வர்றது அபூர்வம். அடுத்த டாக்டர், அடுத்த குறை. சிவப்பழகு விளம்பரத்தோட தோல் கிளினிக் தெருவுக்குத் தெரு இருக்கிற நம்ம ஊர்ல, அந்தக் கியூவுல எத்தனை மோர்செல்லி கேஸ் உட்கார்ந்திருக்குன்னு நினைச்சா பகீர்ங்குது.

மருந்துப் பக்கம் ரெண்டு வரி. சளியைக் கரைக்கவும், பாராசிட்டமால் அதிகமா சாப்பிட்டு வர்றவங்களைக் காப்பாத்தவும் பயன்படுற என்-அசிட்டைல்சிஸ்டீன்னு ஒரு பழைய மருந்து. 2009-ல் ஜான் கிராண்ட் குழு முடி பிடுங்குற 50 பேருக்குக் கொடுத்துப் பார்த்ததுல, மருந்து சாப்பிட்டவங்கள்ல 56 சதவீதம், சாப்பிடாதவங்கள்ல 16 சதவீதம் தேறினாங்க. ஆஹான்னு குதிச்சு 2013-ல் குழந்தைங்களுக்குக் கொடுத்தா, வித்தியாசமே இல்ல. 2023-ல் மெமன்டின்னு இன்னொரு மருந்துல நல்ல முடிவு வந்திருக்கு. நீங்களா மெடிக்கல் ஷாப்ல போய்க் கேட்டுத் தொலைக்காதீங்க, சொல்லிட்டேன்.

சரி, என் மண்டைக்கு வருவோம்.

சலூன் அண்ணன் கேட்ட கேள்விக்கு அப்புறம் ரெண்டு வாரம் யோசிச்சு, மதுரையில வேற ஒரு தோல் டாக்டர்கிட்ட போனேன். அம்மா வயசு இருக்கும். கையில டார்ச் மாதிரி ஒரு பூதக்கண்ணாடிக் கருவி. வட்டத்து மேல வச்சுப் பார்த்துக்கிட்டே பேசினாங்க. புழுவெட்டா இருந்தா ஓரத்துல முடி ஆச்சரியக்குறி மாதிரி, மேல தடிச்சுக் கீழ மெலிஞ்சு இருக்கும், உங்களுக்கு அப்படி இல்ல. ஒண்ணு நீளம், ஒண்ணு குட்டை, ஒண்ணு பாதியில ஒடிஞ்சிருக்குன்னாங்க. அப்புறம் கருவியைக் கீழ வச்சுட்டு, "வேலை செய்றப்ப உங்க கை எங்க இருக்கும்?"னு கேட்டாங்க.

நீங்க பிடுங்குறீங்களான்னு கேட்டிருந்தா இல்லைன்னு தான் சொல்லியிருப்பேன். கை எங்க இருக்கும்னு கேட்டதுக்கு இல்லைன்னு எப்படிச் சொல்ல?

சொன்னேன். எட்டு மாசத்துல முதல் தடவையா, வெளிய சத்தமா. அவங்க முகத்துல ஒரு மாற்றமும் இல்ல. "வாரத்துக்கு ஒருத்தராவது வர்றாங்க தம்பி"ன்னாங்க. அம்மா வெளிய உட்கார்ந்திருந்தாங்க, உள்ள கூப்பிடவான்னு என்கிட்ட கேட்டுட்டுத் தான் கூப்பிட்டாங்க. ஒரு பழைய சோதனை சொன்னாங்க. வட்டத்துக்குள்ள ஒரு சின்ன இடத்தை மட்டும் வாராவாரம் ஷேவ் பண்ணணும். அவ்ளோ குட்டி முடியை விரலால பிடிக்க முடியாது. மூணு நாலு வாரத்துல அந்த ஜன்னல்ல மட்டும் முடி ஒரே சீரா அடர்த்தியா வந்துச்சுன்னா, வேர்ல கோளாறு இல்லைன்னு அர்த்தம். அந்த வேலையை யார் செஞ்சிருப்பாங்கன்னு உங்களுக்கே தெரியும். அண்ணன் காசு வாங்கல. நாலாவது வாரம் சின்னக் கண்ணாடியைப் பின்னால பிடிச்சுக் காட்டினார். சுத்தி பாலைவனம், நடுவுல ஒரு புல்தரை.

அம்மா வீட்டுக்கு வந்து ரொம்ப நேரம் ஒண்ணும் பேசல. அப்புறம், "அப்ப அந்த வெங்காயம்?"னாங்க. ரெண்டு பேரும் சிரிச்சுட்டோம்.

அப்புறம் ஒரு உளவியல் ஆலோசகர்கிட்ட அனுப்பினாங்க, அஸ்ரின் வழி. மானிட்டர் ஓரத்துல ஒரு மஞ்சள் ஸ்டிக்கர் ஒட்டியிருக்கேன். கை மேல போனா ஒரு கோடு, வழியிலயே பிடிச்சு இறக்கிட்டா அந்தக் கோட்டு மேல ஒரு வெட்டு. வட்டம் மூடிருச்சு. நடுவுல ரெண்டு தடவை, ஒரு ரிலீஸ் சமயத்துலயும் அப்பாவுக்கு உடம்பு சரியில்லாதப்பவும், திரும்பத் திறந்து மறுபடி மூடுச்சு.

இதை எழுத ஆரம்பிச்சதுல இருந்து ஸ்டிக்கர்ல ஏழு கோடு. அஞ்சுல வெட்டு இருக்கு.